பெங்களூரில் நாடக ஆடிஷன்: எந்த வசனம், எந்தப் பாட்டு?

பெங்களூரில் தமிழ் நாடகம் போடும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஆடிஷன்களில் மேசைக்கு அந்தப் பக்கம், ஆள் தேர்ந்தெடுக்கிற இடத்தில், உட்கார்வதுண்டு. கன்னட, ஆங்கிலக் குழுக்களுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு வசனம், பாட்டு தேர்ந்தெடுக்க உதவுவதும் உண்டு. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் ஒயிட்ஃபீல்டு ஐடி அலுவலகங்களிலிருந்தும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்தில் வந்தவை. வேறு இயக்குநர் வேறு மாதிரி சொல்லலாம்.

ஆடிஷனில் என்ன செய்யச் சொல்வார்கள்?

குழுவுக்குக் குழு மாறும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு மோனோலாக் (ஒரே ஆள் பேசும் வசனம்), ஒரு நிமிடத்துக்குள் ஒரு பாட்டு, அப்புறம் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது. சில இயக்குநர்கள் இவை எதையும் கேட்காமல் பத்துப் பேரை ஒன்றாக நிறுத்தி நடக்கவும் ஓடவும் விளையாடவும் விட்டுப் பார்ப்பார்கள். அறிவிப்பில் எதுவும் எழுதவில்லை என்றால் ஒரு மோனோலாக்கும் ஒரு பாட்டும் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். கேட்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

எந்த மொழியில் பேசுவது?

நாடகம் எந்த மொழியோ அந்த மொழியில். இது எளிய பதில். ஆனால் இந்த ஊரில் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், நண்பர்களோடு மூன்றும் கலந்து என்று வளர்ந்தவர்கள்தான் வருகிறார்கள். ‘எந்த மொழியானாலும் சரி’ என்று அறிவிப்பில் இருந்தால், கோபம் வரும்போது எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதை எடுங்கள். இலக்கணம் சரியாக எழுதவரும் மொழி வேறு, உடம்பு இளகிப் பேசும் மொழி வேறு. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் நீங்கள் பேசுவது உண்மையா பாவனையா என்பது புரிந்துவிடும். பேசுவதற்கு முன் காட்சியை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், அது போதும்.

கன்னட நாடகத்துக்கு முயல்கிறேன் என்றால்?

குறைந்தது மோனோலாக்காவது கன்னடத்தில் இருக்கட்டும். நம்மவர்களுக்கு இரண்டு இடத்தில் நாக்கு தடுக்கும்: ககர, பகர, தகர வகை எழுத்துகளின் வேறுபாடு, அப்புறம் சொல்லின் கடைசி உயிரை விழுங்கிவிடுவது. கன்னட எழுத்து தெரியாமல் வசனத்தைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறவர்களுக்கு முதல் தடுக்கல் இரண்டு மடங்கு. ஒரே ‘க’ நாலு ஒலிக்கும் நிற்பதால் ஒத்திகையில் தப்பாகவே பழகிவிடுகிறது. இதற்கு நம் சங்கீதப் புத்தகங்களிலேயே வழி இருக்கிறது. தெலுங்குக் கிருதிகளை அச்சிடும்போது எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போடுவார்களே, அதேபோல நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, கன்னடம் பேசும் ஒரு நண்பரை வசனத்தை நிதானமாகப் பேசச் சொல்லிப் போனில் பதிவு செய்து, அதைக் கேட்டுக் கற்பது.

மோனோலாக் எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொண்ணூறு விழுக்காடு வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரு வசனத்தை எடுத்ததும் நான் கேட்பது இரண்டே கேள்வி: இதை யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்? இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் அந்த வசனம் ஆடிஷனுக்கு ஆகும். ‘பொதுவாக, சமூகத்தைப் பார்த்து’ என்று பதில் வந்தால் ஆகாது. சமூகத்தைப் பார்த்துப் பேசும் வசனத்தில் நடிகர் ஒரே சுருதியில் முழங்குவார். முப்பது விநாடியில் நாங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்போம். அண்ணனிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு மன்றாடும் தம்பி, பேச்சை மாற்றப் பார்க்கிறான், சிரிக்கிறான், மிரட்டுகிறான், கடைசியில் குரல் தாழ்கிறது. அதே ஒன்றரை நிமிடத்தில் நாலு ஆளைப் பார்த்துவிடலாம்.

அதனால் வசனத்துக்குள் ஒரு திருப்பம் இருக்க வேண்டும். ஆரம்பித்தபோது இருந்த ஆள் முடிக்கும்போது கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். பெரிய சம்பவம் தேவையில்லை. ‘வருவார்’ என்று நம்பி ஆரம்பித்தவள் ‘வரமாட்டார்’ என்று உணர்ந்து முடித்தாலே போதும்.

ஒரு உதாரணம். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. பாண்டியன் முன் கண்ணகி நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டு வருகிற பெண்கள் நிறைய. ஏறக்குறைய எல்லோரும் முதல் வரியிலேயே உச்சிக்குப் போய்விடுவார்கள், அங்கிருந்து ஏற இடமில்லை. வரிகளைப் பாருங்கள். ‘தேரா மன்னா’ என்று ஒரு அடி அடித்துவிட்டு அவள் நிதானமாக வழக்குரைக்கிறாள். புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவனைச் சொல்கிறாள். பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனைச் சொல்கிறாள். அந்தப் புகார்தான் என் ஊர் என்கிறாள். அப்புறம் மாமனார் மாசாத்துவான், சிலம்பு விற்க வந்து உன்னிடம் கொலையுண்ட கோவலன், அவன் மனைவி நான். ‘கண்ணகி’ என்ற பெயர் கடைசியில்தான் வருகிறது. அரசன் ‘நீ யார்’ என்று கேட்டதற்கு அத்தனை வரி கழித்து வரும் பதில் அது. கத்தாமல், அரசன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் அறையில் யாரும் அசைய மாட்டார்கள். பழைய தமிழாயிற்றே, புரியுமா என்று பயப்பட வேண்டாம். பேசுகிறவருக்குப் புரிந்திருந்தால் கேட்பவருக்கும் புரியும்.

சினிமா வசனம் பேசலாமா?

பேசலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் வாயைத் திறந்ததும் எங்கள் காதில் அசல் நடிகரின் குரல் ஓட ஆரம்பித்துவிடும். கட்டபொம்மன் வசனத்தை நீங்கள் என்ன செய்தாலும் சிவாஜியோடு ஒப்பிடாமல் கேட்கத் தமிழ்க் காதுக்குத் தெரியாது. இத்தனைக்கும் அது 1959 படத்துக்கு முன்பே மேடையில் முழங்கிய நாடகம். மிமிக்ரி நன்றாக வரும் என்றால் அதைத் தனியாகச் செய்து காட்டுங்கள், ரசிப்போம். மோனோலாக் இடத்தில் வேண்டாம்.

அப்படியானால் தமிழில் எங்கே தேடுவது?

நியாயமான புலம்பல்தான் இது. கன்னடத்திலும் மராத்தியிலும் இருப்பது போல நாடகப் புத்தகங்கள் நம் கடைகளில் அடுக்கியிருப்பதில்லை. ஆனாலும் இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’, ‘ஔரங்கசீப்’, ‘நந்தன் கதை’ மூன்றையும் முதலில் படியுங்கள். நடுவயது ஆண்களுக்கு ‘ஔரங்கசீப்’பில் தீனி உண்டு. ந. முத்துசாமியின் நாடகங்களும் படிக்க வேண்டியவை. ஆனால் அவற்றில் பாத்திரங்கள் சேர்ந்து உருவாக்கும் தாளம்தான் உயிர். ஒருவர் பேச்சை மட்டும் உருவி எடுத்தால் அது உலர்ந்துவிடுகிறது. இன்குலாபின் ‘ஔவை’யைப் பெண்கள் பார்க்கலாம். நம் ஔவை என்றதும் கோலும் பழமும் கிழவியும் நினைவுக்கு வருமே, அந்தப் படத்தை உடைக்கிற நாடகம் அது.

இன்னொரு வழி சிறுகதை. தன்னிலையில் எழுதிய கதையிலிருந்து ஒரு பக்கம் எடுக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கதை பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்லும், மேடைக்கு நடந்துகொண்டிருப்பது வேண்டும். ‘அவன் அப்போது வாசலில் நின்றான்’ என்பதையெல்லாம் வெட்டிவிட்டு, அவனிடமே நேராகப் பேசும் வரிகளை மட்டும் வைத்துப் பாருங்கள். தாங்கினால் எடுங்கள்.

மொழிபெயர்ப்பு நாடகங்கள்?

தாராளமாக. கிரீஷ் கர்னாடின் நாடகங்கள் கன்னடத்தில் எழுதப்பட்டவை, இந்த ஊர் இயக்குநர்களுக்கு மனப்பாடம். ‘நாகமண்டல’த்தில் புருஷன் வெளியே பூட்டிவிட்டுப் போக, புதுப்பெண் ராணி தனியாக வீட்டுக்குள் கிடந்து தனக்குத்தானே கதை சொல்லிக்கொள்ளும் இடம் இளம்பெண்களுக்கு நல்ல பகுதி. கழுகு வந்து அவளைத் தூக்கிப் போகிறது, அவள் அதனிடம் எங்கே போகிறோம் என்று கேட்கிறாள். குழந்தைத்தனமும் பயமும் ஒரே மூச்சில் வரும். ‘துக்ளக்’ ஆண்கள் விரும்பி எடுப்பது. 1964இல் வந்த நாடகம், இன்றைக்கும் காரம் குறையவில்லை. விஜய் டெண்டுல்கரின் மராத்தி நாடகமான ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ முடிவில் பேனாரே என்ற பெண் பேசும் நீண்ட பேச்சு அருமையானதுதான், ஆனால் ஆடிஷனுக்கு வருகிற பெண்களில் பலரும் அதையே எடுக்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் மூன்றாவது பேனாரேயாக இருந்தால் மேசைக்குப் பின்னால் உள்ளவர்களும் மனிதர்கள்தானே.

எதை எடுத்தாலும் முழு நாடகத்தையும் படித்துவிட்டு வாருங்கள். ‘இதற்கு முந்தின காட்சியில் என்ன நடந்தது’ என்று நான் கட்டாயம் கேட்பேன். யூடியூபில் பார்த்த இரண்டு நிமிடத்தை மட்டும் வைத்திருப்பவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

நானே எழுதிக்கொண்டு வரலாமா?

வேண்டாம். எழுத்தைப் பற்றிய சந்தேகத்தில் நடிப்பைப் பார்க்க முடியாமல் போகிறது. கேட்டால் மட்டும்.

என் தமிழ் கொச்சையாக இருக்கிறது. மாற்றிக்கொள்ள வேண்டுமா?

எதற்கு? சிவாஜிநகர் தமிழ், கோலார் தங்கவயல் தமிழ், ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் எல்லாம் மேடையில் கேட்கக் கிடைக்காத சரக்கு. சென்னைத் தொலைக்காட்சித் தமிழை நகலெடுத்துப் பேசும்போதுதான் பொய்யாக ஒலிக்கிறது. உங்கள் வட்டாரப் பேச்சில் ஒன்று, எழுத்துத் தமிழில் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தால் எந்த நாடகத்துக்கும் ஈடுகொடுக்கலாம். எழுத்துத் தமிழில் ழகரமும் லகரமும் மட்டும் சுத்தமாக இருக்கட்டும். அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

எனக்குப் பாடவே வராது. பாட்டு கட்டாயமா?

கன்னட நாடகக் குழுக்கள் அநேகமாக எல்லோரையும் பாடச் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள். அங்கே ரங்ககீதே என்று நாடகப் பாட்டுக்கே ஒரு பெரிய மரபு இருக்கிறது. சிறு வயதிலேயே குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பின்னால் தேசிய நாடகப் பள்ளியில் படித்த பி.வி. காரந்த் அதை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கூட்டமாக நின்று பாடும் குழு பல நாடகங்களில் உண்டு. அதற்கு அவர்கள் பார்ப்பது கச்சேரிக் குரலை இல்லை. சுருதியில் நிற்கிறீர்களா, தாளம் நழுவுகிறதா, பக்கத்தில் இருப்பவர் குரலைக் கேட்டுப் பாடுகிறீர்களா, இவ்வளவுதான். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, உங்கள் வீட்டில் பாட்டி பாடியதோ நாலு வரி போதும். பாட்டியிடம் கற்ற ஒப்பாரியைப் பாடி வேஷம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எந்த மாதிரிப் பாட்டு எடுபடும்?

மோனோலாக்குக்குக் கேட்ட அதே இரண்டு கேள்விதான்: யாரிடம், என்ன வேண்டும். பாட்டின் வரிகளை ராகம் இல்லாமல் எதிரில் ஒருவரை உட்காரவைத்து வெறும் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். பேச்சாக நின்றால் மேடைப் பாட்டாகவும் நிற்கும்.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் ‘வருகலாமோ’ அப்படிப்பட்ட பாட்டு. கோயிலுக்குள் போக அனுமதியில்லாத பண்ணையாள் வெளியே நின்று, உள்ளே இருக்கும் சிவனிடம் வரலாமா என்று கேட்கிறான். பல்லவி முழுக்க ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அது வேறு கேள்வியாகலாம்: முதலில் பணிவு, அப்புறம் ஏக்கம், அப்புறம் கொஞ்சம் கோபம்கூட. மாஞ்சி ராகத்தின் நுணுக்கமெல்லாம் உங்களுக்கு வராவிட்டாலும் இந்தக் கேள்வி வந்தால் போதும் எனக்கு.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்குக் கன்னடத்திலேயே ஒரு பாட்டு கைவசம் இருக்கும்: வியாசராயருடையதாகச் சொல்லப்படும் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’. அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிறாள். யமுனாகல்யாணியில் இழைத்து இழைத்துப் பாடிக் காட்டாமல், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையை உண்மையிலேயே கூப்பிடுங்கள். கன்னட உச்சரிப்பும் அதிலேயே சோதிக்கப்பட்டுவிடும். புரந்தரதாசர் பதங்களும் சிசுநாள ஷரீப்பின் தத்துவப் பாடல்களும் இதே வகையில் பயன்படும்.

குரல் கணீரென்று உள்ளவர்கள் பழைய இசை நாடகங்கள் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பக்கம் போகலாம். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். ஒரே நிமிடத்தில் இரண்டையும் காட்டிவிடலாம். இவ்வகை இசை நாடகமான ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வீச்சு தானாக வரும். பார்த்திராதவர்கள் பதிவுகளைக் கேட்டு மேலோட்டமாகப் பின்பற்றினால் கேலி செய்வது போல ஆகிவிடும், கவனம்.

சினிமாப் பாட்டு?

வசனத்தைவிடப் பாட்டில் நான் கொஞ்சம் தாராளம். ஆனால் முன்னிசையும் இடையிசையும் கழன்றுபோனபின் பாட்டில் என்ன மிச்சம் என்று பாருங்கள். தாள வாத்தியத்தின் மேல் சவாரி செய்யும் பாட்டு தனிக்குரலில் நொண்டும். கதையில் யாரோ யாரிடமோ பேசும் பாட்டாக, பல்லவியும் ஒரு சரணமும் மட்டும்.

எந்தக் கட்டையில் பாடுவது?

உங்களுக்கு இருக்கும் கட்டையில், அதாவது சுருதி அளவில். இதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் சொதப்பல்களில் பாதி இங்கேதான் நடக்கிறது. மூலப் பதிவின் சுருதியிலேயே ஆரம்பித்து, சரணத்தில் மேலே போக முடியாமல் கீழே விழுவார்கள். கச்சேரி மேடையில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரை என்றும் பெண்கள் ஐந்து, ஐந்தரை என்றும் வைத்துக்கொள்வது சாதாரணம். உங்களுடையது இதில் எங்கேயும் இருக்கலாம். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அந்த இடம் வருகிற சுருதிதான் உங்களுக்குச் சரி. போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் போட்டுக்கொண்டு, உள்ளே நுழையும் முன் காதில் வைத்து ஆதார சட்ஜத்தை, அதாவது ‘ஸ’வைப் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கும் அடிக்கும் இடையே ஒரு ஸ்தாயிக்கு (கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரை) மேல் போகாத பாட்டு பாதுகாப்பு.

ஆங்கில மியூசிக்கலுக்குப் போகிறேன். ‘16 பார்’ என்கிறார்களே?

‘பார்’ என்பது மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு சுற்று. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு பாருக்கு 4 என்றால் 16 பாருக்கு 64. ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் 32 விநாடிதான் வரும். அதனால் பாட்டின் ஆரம்பத்திலிருந்து பாடி உருப்படியான இடம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடக் கூடாது. பாத்திரம் எங்கே முடிவுக்கு வருகிறதோ அந்தப் பகுதியை எடுங்கள். மெதுவானது ஒன்று, துள்ளலானது ஒன்று கைவசம் வேண்டும். பியானோ வாசிப்பவர் இருந்தால் உங்கள் சுருதியில் எழுதிய ஸ்வரத்தாளில் ஆரம்பமும் முடிவும் குறித்துக் கொடுங்கள். இல்லையென்றால் குரல் இல்லாத கரோக்கி டிராக்கைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்துக்குள் நெட் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போடப்போகும் அதே நாடகத்தின் பாட்டை, கேட்டாலொழியப் பாட வேண்டாம். இயக்குநர் மனதில் அதற்கு ஏற்கெனவே ஒரு உருவம் இருக்கும்.

அழும் காட்சி எடுத்தால் மதிப்பெண் அதிகமா?

இல்லை. அழாமல் இருக்கப் பாடுபடுகிற ஆளைப் பார்ப்பதுதான் சுவாரசியம். கண்ணீர் வந்தால் வரட்டும், அதற்காகக் காத்திருந்து வரிகளை இழுக்காதீர்கள். சிரிப்பு வசனத்தைத் தைரியமாக எடுத்து வருகிறவர்கள் குறைவு. அதனாலேயே நினைவில் நிற்கிறார்கள்.

பேசும்போது எங்கே பார்ப்பது?

மேசைக்குப் பின்னால் உள்ளவர் கண்ணைப் பார்த்துப் பேசாதீர்கள், அவர் குறிப்பெழுத முடியாமல் தவிப்பார். அவர் தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஒரு இடத்தில் எதிராளியை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆளின் உயரம்கூட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடை, பொருட்கள்?

நகர வசதியான உடை. நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள். சிலம்பு, கத்தி, போன் எதுவும் வேண்டாம்.

வரி மறந்துவிட்டால்?

நின்று, மூச்சு விட்டு, பாத்திரமாகவே இருந்துகொண்டு தொடருங்கள். முதல் இரண்டு வரியிலேயே தவறினால் ‘மறுபடி ஆரம்பிக்கிறேன்’ என்று கேட்கலாம். ‘சாரி, நேற்று ராத்திரிதான் படித்தேன்’ மட்டும் சொல்லக் கூடாது.

நடுவில் ‘போதும்’ என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, வெளியே இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அதைவிட முக்கியம் அடுத்து வருவது: ‘இதையே உங்கள் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்வது போலச் செய்யுங்கள்.’ இப்படிக் கேட்டால் ஆர்வம் இருக்கிறது என்று பொருள். வீட்டில் கண்ணாடி முன் கைகால் அசைவு வரை உறைய வைத்துக்கொண்டு வந்தவர்களால் இங்கே மாற்ற முடிவதில்லை. ஒத்திகையிலேயே அதே வசனத்தை மூன்று நாலு விதமாகச் செய்து வையுங்கள். பஸ்ஸில் முணுமுணுப்பாக, மாடியில் கத்தலாக, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

தேசிய நாடகப் பள்ளி போன்ற இடங்களுக்கும் இதே முறைதானா?

அடிப்படை இதுதான், ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வேதம். டெல்லிப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு முதல்கட்டத் தேர்வு பல ஊர்களில் நடக்கும், அதில் தேறினவர்களை டெல்லிக்கு அழைத்துச் சில நாள் பயிலரங்கு வைத்துப் பார்ப்பார்கள். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இந்தியில் ஒரு மோனோலாக் இல்லாமல் போகாதீர்கள். தர்மவீர் பாரதியின் ‘அந்தா யுக்’, மோகன் ராகேஷின் ‘ஆஷாட் கா ஏக் தின்’ போன்றவற்றை முழுக்கப் படித்தால் மொழியும் பழகும். பயிலரங்கில் நாள் முழுக்க உங்களைப் பார்ப்பார்கள், மனப்பாடம் அங்கே அதிக தூரம் போகாது.

அனுமதி, காப்புரிமைப் பிரச்சினை வருமா?

ஆடிஷன் அறையில் இரண்டு நிமிடம் பேசிக் காட்டுவதற்கு யாரும் அனுமதி கேட்பதாக நான் பார்த்ததில்லை. அதையே டிக்கெட் போட்டு மேடையேற்றினால் ஆசிரியரிடமோ வாரிசிடமோ கேட்டாக வேண்டும். நம் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு.

ஒருமுறை தேர்வாகவில்லை. அடுத்த முறை அதே வசனம் பேசலாமா?

வேறு குழு என்றால் பேசலாம், பேசப் பேசத்தான் மெருகேறும். அதே குழு என்றால் மாற்றுங்கள். போன தடவை பார்த்த ஆளையே பார்க்கிறோம் என்ற எண்ணம் வராமல் இருக்கும். அப்புறம், நம் ஊர் நாடக அரங்கமான ரங்கசங்கராவில் நாடகம் பார்க்கப் போகும்போது நேரத்துக்குப் போங்கள். தாமதமாக வந்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஆடிஷன் எப்போது, யார் எடுக்கிறார்கள் என்ற சேதிகளில் பாதி அங்கே நாடகம் முடிந்து டீக்கு நிற்கும் கூட்டத்தில்தான் கிடைக்கும்.